இன்ஜின் முன்னால் விழாதவள்

ஆயுத பூஜை அன்றைக்கு இன்ஜின் ரூமில் இருந்தவர்கள்.

முதலாளி. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம்.

கணக்கப்பிள்ளை. மில்லில் இங்கிலீஷ் படித்தவர் அவர் ஒருவர்தான்.

இன்ஜின் டிரைவர். காலையிலேயே எண்ணெய்க் கறை போகக் குளித்திருந்தார்.

பூஜைக்கு வந்த ஐயர்.

பழவேற்காட்டு சாயபு. எங்கள் மில்லில் அரிசி எடுக்கிறவர். பூஜை நடக்கிறதே என்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்றார்.

களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை.

நான். வலது கையில் கட்டு.

அவள்.

இன்ஜினையும் சேர்க்க வேண்டும். மாலை அதற்குத்தான் போட்டிருந்தது.

அவள் பேரை எழுதப்போவதில்லை. பொன்னேரியில் அந்த மில்லில் அவள் வேலை செய்த காலம் முழுக்க அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கு அவள் "ஏய்". கணக்கப்பிள்ளைக்கு "இந்தாம்மா". எனக்கு "அக்கா". இன்ஜினுக்குப் பேர் இருந்தது. அவளுக்கு இல்லை. இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

இன்ஜின் பேர் என்றால், அதன் நெற்றியில் திருகி வைத்த பித்தளைத் தகடு. இங்கிலீஷில் ஒரே வார்த்தை. சீமையில் செய்யும்போதே போட்டது. நான் படித்தது தமிழில் ரெண்டாங்கிளாஸ். கணக்கப்பிள்ளை படித்துக் காட்டினார். இன்வின்சிபிள்.

சேர்ந்த புதிதில் அர்த்தம் கேட்டேன்.

"ஜெயிக்க முடியாததுன்னு அர்த்தம்ப்பா. எவனாலயும் எதாலயும் தோக்கடிக்க முடியாது. ராஜாவோட படைய அப்படிச் சொல்லலாம். கோட்டைய சொல்லலாம். சாமிய சொல்லலாம்."

"இன்ஜின?"

"செஞ்சவனே சொல்லிக்கினான். நீ இன்னா பண்ணுவே?"

அவள் பக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நெல் தள்ளுகிற கட்டை. ஆள் உயரக் கம்பு, முனையில் குறுக்கே ஒரு பலகை. அது கையில் இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம்.

"கணக்கப்புள்ளே, அதுக்கு எண்ண ஊத்தலன்னா?"

"நின்னுடும்."

"அப்பால இன்னா ஜெயிக்க முடியாதது?"

"உனக்குக் கஞ்சி ஊத்தலன்னா நீ இன்னா ஆவே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நானுந்தான் நின்னுடுவேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அதிலிருந்து அந்த வார்த்தை மில் முழுக்கச் சுற்றியது. நாஷ்டாவுக்கு ஒரு தட்டு இட்டிலியை ஒண்டியாக முடிக்கிற டிரைவருக்கு இன்வின்சிபிள் வயிறு. அவிழாத மூட்டை முடிச்சு இன்வின்சிபிள் முடிச்சு. மருமகளை அழவைக்கிற மாமியார் இன்வின்சிபிள் மாமியார். எங்கள் வாயில் விளையாட்டாக இருந்தவரைக்கும் அந்த வார்த்தை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. முதலாளி வாய்க்குப் போன பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது.

மில்லில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கஞ்சி குடிப்பது நின்றுகொண்டே. வெற்றிலை போடுவதும் நின்றுகொண்டே. முதலாளி வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வாயில் சோறு இருந்தாலும் எழ வேண்டும். அவரும் நாங்கள் சோறு தின்கிற நேரம் பார்த்துத்தான் குறுக்கே நடப்பார்.

"ஒக்காந்தாதான எழுந்திருக்கணும்?" என்றாள் அவள். "நா ஒக்காரவேமாட்டேன். இவளும் எழுந்தான்னு அந்தாளு சொல்லிக்க முடியாது பாரு."

"கால் வலிக்காதாக்கா?"

"வலிக்கும். வலிச்சா இன்னா? எங்காலு."

காலையிலிருந்து பொழுது சாயும் வரை நிற்பாள். முதலாளி அவளைத் தாண்டிப் போகும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

நல்லவள் என்று சொல்ல வரவில்லை. வாய் மோசம். அவள் குடிசைக்கும் பக்கத்துக் குடிசைக்கும் நடுவில் ஒரு சுரைக்கொடி படர்ந்தது. காய் யாருடையது என்று சண்டை. பெரியவர்கள் உட்கார்ந்து பாதிப் பாதி என்று தீர்த்தார்கள். மறுநாள் கொடி வேரோடு தெருவில் கிடந்தது. பிடுங்கினது அவள்தான். "எனக்கும் வாணாம், அவளுக்கும் வாணாம். பேஜாரு வுட்டுது" என்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வெறும் சோறு தின்றன. அவள் வீட்டுக் குழந்தையும் அதைத்தான் தின்றது. அவளோடு மோதினால் இரண்டு பக்கமும் நாசம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஒரு சாயந்தரம். களம் நிறைய அவித்த நெல். கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. குவித்து மூடுவதற்குள் இடி விழுந்தது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினோம். நானும் ஓடினேன். இடிக்கு ஓடுவதில் தப்பில்லை. அவள் ஓடவில்லை. அரைக் களத்து நெல்லைக் கட்டையால் தள்ளித் தள்ளிக் குவித்தாள். தார்ப்பாயை இழுத்து மூடினாள். ஒண்டியாக. அப்புறம் மழையிலேயே நின்றாள்.

முதலாளி குடையோடு வந்தார். கூட சாயபு இருந்தார்.

"பாத்தீங்களா பாய்? எங்கிட்ட ரெண்டு இன்வின்சிபிள் இருக்குது. ஒண்ணு உள்ள ஓடுது. இன்னொண்ணு களத்துல நிக்குது."

அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். பல் தெரியச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் முதலாளி களத்துப் பெண்களில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அந்தப் பெண் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. "அதான் அவ ஒருத்தி இருக்காளே. அரைக் களத்த ஒண்டியா அள்றா. நீ எதுக்கு?" என்று கேட்டார்.

அந்த வார்த்தைக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று கணக்கப்பிள்ளை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ராஜாவின் படை என்றார். கோட்டை என்றார். பிள்ளைத்தாய்ச்சியை வீட்டுக்கு அனுப்பவும் ஆகும் என்று சொல்லவில்லை.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. தன் பங்கு நெல்லைத் தள்ளி முடித்தாள். கட்டையை ஊன்றி நின்றுவிட்டாள்.

முதலாளி வந்தார். "இன்னா நின்னுட்டே? அந்தப் பக்கம் காய வாணாமா?"

"அது அந்தப் பொண்ணு பங்கு."

"நேத்து அள்ளினியே?"

"நேத்து மழை."

"தெம்பு இருக்குதுல்ல ஒனக்கு?"

"இருக்குது. அது என்னுது, மொதலாளி."

அவளை அனுப்பவும் அவருக்கு மனசில்லை. இரண்டு ஆள் வேலை செய்கிற உடம்பு. பாதிக் களம் காயாமல் கிடந்தது. நெல் புளித்து நாறியது. நாற்றம் தெருவுக்கு வந்ததும் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆள் அனுப்பினார். பூஜை அன்று இடுப்பில் குழந்தையோடு நின்றாள் என்று எழுதினேனே, அவள்தான்.

இனி என் கை.

அந்த இன்ஜினைக் கிளப்புவது பெரும்பாடு. முதலில் ஊதுவிளக்கு வைத்து அதன் தலையைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அப்புறம் இரண்டு ஆள் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற வேண்டும். நேரம் ஆகும். அதனால் முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். காலையில் கிளப்பினால் சாயந்தரம்தான் நிறுத்தணும். நடுவில் எதற்கும் நிறுத்தக்கூடாது.

இன்ஜினிலிருந்து நெல் குத்துகிற மிஷினுக்கு ஒரு தோல் பெல்ட் ஓடும். அது நழுவும். மழைக்காலத்தில் அடிக்கடி நழுவும். இன்ஜினை நிறுத்திவிட்டு மாட்டுவதுதான் முறை. எங்கள் மில்லில் ஓட்டத்திலேயே மாட்டுவோம். கையால். உள்ளங்கையை வைத்துப் பெல்ட்டைச் சக்கர விளிம்பில் ஏற்ற வேண்டும். அது பிடித்துக்கொள்கிற நேரம் கையை எடுத்துவிட வேண்டும். நெல் கொட்டுகிறவன் வேலை அது. நெல் கொட்டுகிறவன் நான்.

"நிறுத்திட்டு மாட்டினா இன்னா?" என்று அவள் ஒரு தடவை முதலாளியை நேராகவே கேட்டாள்.

"இன்வின்சிபிள நிறுத்தறதா?" என்றார் அவர். அவர் சிரித்தார் என்று மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஆவணிக் கடைசி. தூறல். பெல்ட்டில் ஈரம். நழுவியது. மாட்டினேன். கை சிக்கிக்கொண்டது.

வலியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

டிரைவர் எண்ணெயை அடைக்க அந்தப் பக்கம் ஓடினார். அடைத்தாலும் அவ்வளவு பெரிய சக்கரம் உடனே நிற்காது. விரல் உள்ளே போய்விட்டது. அடுத்தது மணிக்கட்டு போகும். அப்புறம் தோள். களத்திலிருந்து அவள் வந்தாள். கட்டையைப் பெல்ட்டுக்கு அடியில் கொடுத்தாள். ஒரு காலைச் சுவரில் ஊன்றி நெம்பினாள். பெல்ட் சக்கரத்தை விட்டு வெளியே வந்து அறுந்தது. கட்டையும் முறிந்தது. அறுந்த நுனி சாட்டை மாதிரி சுழன்று பித்தளைத் தகட்டில் அடித்தது. தகடு வளைந்தது. இழுக்கச் சுமை இல்லாமல் போன இன்ஜின் வெறிபிடித்து ஓடியது. ஒரு பெரிய சத்தம் போட்டது. நின்றது. அதன் சக்கரத்தில் விரிசல்.

முதலாளி ஓடி வந்தார். நான் தரையில் கிடந்தேன். என்னைத் தாண்டிப் போனார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை எட்டி வைத்துத் தாண்டினார். இன்ஜினைத் தடவிப் பார்த்தார்.

"எவடி என் இன்ஜின ஒட்ச்சது?"

அவர் கேட்டது அதுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் காலின் அடி எனக்குக் கண்ணில் நிற்கிறது. வெள்ளையாக இருந்தது. சேறே படாத கால்.

அவள் முந்தானையைக் கிழித்து என் கையைச் சுற்றினாள். மாட்டு வண்டி பிடித்து ஆசுபத்திரிக்கு இட்டுக்கொண்டு போனாள். வழியெல்லாம் திட்டினாள். முதலாளியைத் திட்டினாள். வண்டி மாட்டைத் திட்டினாள். என்னைப் பெற்றவளைத் திட்டினாள். "கைய எடுக்கத் தெரியாதவனுக்குக் கை எதுக்குடா?" என்றாள். சொல்லிக்கொண்டே வண்டியோடு நடந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஆசுபத்திரியில் துணியைப் பிரித்தபோது டாக்டர் தோள் மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். நடு மூன்று விரல் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் நின்றன.

"மிச்சத்த பத்தரமா வெச்சிக்கோ நைனா. நா திரும்பவும் எண்ணிப் பாப்பேன்" என்றாள்.

இன்ஜினுக்கு மெட்ராஸிலிருந்து ஆள் வந்து ஒட்டுப்போட்டார்கள். அது ஓடியது. ஆனால் கடைத்தெருவில் பேச்சு நிற்கவில்லை. இன்வின்சிபிளை ஒரு பொம்பளை நெல்லுக் கட்டையால் நிறுத்திவிட்டாளாம். அந்த வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் முதலாளிதான். இப்போது ஊர் அதை அவரிடமே திருப்பிச் சொன்னது. விரிசல்கூட அவருக்குப் பெரிசில்லை. அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

அவளை வேலைக்கு வராதே என்றார். அவள் குடிசை மில் நிலத்தில் இருந்தது. புருஷன் இருமிக்கொண்டு படுத்த படுக்கை. ஒரு சின்னப் பெண். அடுப்பெரிவது மில்லில் கிடைக்கிற நொய்யில்தான். ஆயுத பூஜைக்கு முன்னால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். பூஜை அன்று வரவேண்டும். நாலு பேர் பார்க்க இன்ஜினுக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலையும் குடிசையும் உண்டு. இல்லாவிட்டால் அன்றைக்கே இடத்தைக் காலி பண்ண வேண்டும்.

அவள் வந்தாள். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. பார்ப்பதற்கு ஆள் வேண்டும் போல.

வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். சரியாக நிமிரவில்லை. அதன் மேல் பொட்டு. ஐயர் தீபம் காட்டினார். பூசணிக்காயில் குங்குமம் கரைத்து ஊற்றித் தரையில் போட்டு உடைத்தார்கள். என் ரத்தத்தைக் கழுவிவிட்ட அதே இடம். சிவப்பாக ஓடியது. எல்லோரும் அதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏய். வா முன்ன" என்றார் முதலாளி. "வுழு."

அவள் வந்து நின்றாள். "இன்னா தப்புன்னு சொல்லணும்?"

"இன்ஜின ஒட்ச்சது தப்புன்னு."

"அது இவன் கைய ஒட்ச்சிதே. அது யாரு காலுல வுழும்?"

"அது மிஷினுடி. அதுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாததுக்கு முன்ன நா எதுக்கு வுழணும்?"

கணக்கப்பிள்ளை கிட்டே போனார். குரலைத் தாழ்த்தினார். "இந்தாம்மா, ஒரு நிமிஷ வேலை. மனசுல வேற யாரையாவது நெனச்சிக்கினு வுழுந்துடு. கொழந்த மூஞ்ச பாரு."

"மொதலாளி, நல்ல நாளு. மன்னிச்சு உட்டுடுங்க" என்றார் சாயபு வெளியிலிருந்து.

"உங்களுக்குத் தெரியாது பாய். இது மரியாத விஷயம்."

எனக்கு அந்தக் குடிசை கண்ணில் வந்தது. அவள் விழமாட்டாள் என்பதும் தெரிந்தது. என் கைக்காகத்தானே எல்லாம். நான் விழுந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். "நா வுழறேன் மொதலாளி. அக்காவ உட்டுடுங்க" என்று முட்டி போட்டேன்.

முதலாளி ஐயரைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "சரி. யாரு வுழுந்தா இன்னா. வுழு."

நெற்றி தரைக்குப் போகவில்லை. அவள் என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேர் சுமக்கிற மூட்டையைத் தூக்குகிறவள். நான் காற்றில் தொங்கி நின்றேன்.

"எழுந்திர்றா. கைய துன்னதுக்கு நெத்தியையும் குடுக்கறியா?"

பூசணிச் சிவப்பு என் இரண்டு முட்டியிலும் ஒட்டியிருந்தது. அவள் அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். கிழிந்த முந்தானை. அப்புறம் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். மற்றவர்கள் உள்ளேயே நின்றார்கள். சுண்டல் வாங்க வேண்டும்.

சாயந்தரமே கூரையைப் பிரித்தார்கள். புருஷனைக் கட்டிலோடு தெருவில் வைத்தார்கள். சாயபு மனசு கேட்காமல் வந்தார். அவளுக்கும் எனக்கும் பழவேற்காட்டில் தன் கருவாட்டுக் கொட்டகையில் வேலை தருகிறேன் என்றார். நான் சரி என்றேன். காவலுக்கு ஒரு கை போதும்.

"பாவம்னு குடுக்கற வேல வாணாம் பாய்" என்றாள் அவள். "ஆளு வோணும்னு கூப்புடுங்க. அப்ப வரேன்."

சாயபுவுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. எனக்கும் அன்றைக்கு அவள் மேல் ஆத்திரம்தான். பெண் குழந்தை அழாமல் நின்றுகொண்டிருந்தது. அழுதிருந்தாலாவது தேவலாம். சுரைக்கொடி ஞாபகம் வந்தது. அவர்கள் ரயிலேறி ஆரம்பாக்கம் போனார்கள். அங்கே அவள் அண்ணன் வீடு.

அப்புறம் பொன்னேரிக்குக் கரண்ட் வந்தது. மில்லில் மோட்டார் வைத்தார்கள். இன்வின்சிபிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் மாலை போடவில்லை. பித்தளைத் தகட்டை மட்டும் முதலாளி கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டார் என்று டிரைவர் சொன்னார். இன்ஜினை விட்டார். வார்த்தையை விடவில்லை.

அந்த வார்த்தையை நான் நிறைய யோசித்திருக்கிறேன். காவல்காரனுக்கு வேறு வேலை இல்லை. அவளுக்குத்தான் அது பொருந்தும் என்று ஒரு நாள் தோன்றியது. பார்த்தால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பார்த்தேன். பொன்னேரி ஸ்டேஷனில். நடவு முடித்துத் திரும்புகிற பெண்கள் ஆரம்பாக்கம் பக்கம் போகிற ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் அவள். இளைத்துவிட்டாள். முடி வெளுத்துவிட்டது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒக்காந்துக்கினு இருக்கியேக்கா?"

"இங்க எவனுக்கு எழுந்திருக்கணும்?" என்றாள்.

"யாருக்கா இது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இன்ஜின் துன்னது போக மிச்சம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புருஷன் போன வருஷம் போய்விட்டான் என்றாள். மகள் கூடவே நடவுக்கு வருகிறாள். அதோ, அந்த மூலையில். மகள் என்னைப் பார்க்கவில்லை.

வைத்திருந்ததைச் சொன்னேன். "கணக்கப்புள்ள ஒரு வார்த்த சொல்வாரேக்கா. இன்ஜின் மேல இருந்தது. அது உனக்குத்தாங்கா போட்டிருக்கணும்."

அவள் முகம் மாறியது. அந்தக் கோபத்தை இன்ஜின் ரூமில்கூட நான் பார்த்ததில்லை.

"தூ. அத எம்மேல போடாதே. ஒரு வாட்டி போட்டதுக்கே ஒரு புள்ளத்தாச்சிய தொரத்தினானுங்க. நா தோத்தவ நைனா. வேல போச்சு. ஊடு போச்சு. எம்புருஷனும் மருந்தில்லாம போய்ட்டான். என்ன தோக்காதவன்னு நீ சொன்னா, எங்கிட்டேர்ந்து ஒண்ணும் புடுங்கலேன்னு ஆய்டும். புடுங்கினானுங்க. நல்லா எழுதி வெச்சிக்கோ. புடுங்கினானுங்க."

தூரத்தில் ரயில் கூவியது. பெண்கள் கூடையை எடுத்தார்கள்.

"கைய நீட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"நீட்டுடா."

இரண்டு கையையும் நீட்டினேன். இடது கையில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். சேறு காய்ந்த விரல் அவளுக்கு. ரயில் வந்து நின்றது. மகள் "யம்மா, ஏறு" என்று கத்தினாள். அவள் அவசரப்படவில்லை. வலது கைக்கு வந்தாள். பெருவிரல். இல்லாத இடத்தைத் தாண்டிச் சுண்டுவிரல்.

எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"ஏழு."